மேனர்ஸ் என்ன பாஸ்போர்ட்டோடவா வருது?

2006-ம் வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷாங்காய் நகரத்தின் மக்கள் சதுக்கம் மெட்ரோ நிலையம், காலை எட்டரை மணி. ரயில் வந்து நிற்கிறது, கதவு திறக்கிறது. உள்ளே இருப்பவர்கள் இறங்குவதற்கு முன்னாலேயே வெளியே நிற்பவர்கள் உள்ளே பாய்கிறார்கள். இரண்டு கூட்டமும் கதவுக்கு நடுவில் முட்டிக்கொள்கின்றன. அந்தக் கசமுசாவுக்கு நடுவே, மற்றவர்களைவிட ஒரு தலை உயரமாக, லேப்டாப் பையை நெஞ்சோடு அணைத்தபடி ஒருத்தர் திணறிக்கொண்டிருக்கிறார். அமெரிக்காவிலிருந்து கம்பெனி அனுப்பி வைத்த மேனேஜர். வந்து எட்டு மாதம் ஆகிறது.

அன்று ராத்திரி அவர் ஊரிலிருக்கும் நண்பனுக்கு ஒரு மெயில் தட்டுகிறார். பேங்கில் தன் முறை வந்து கவுண்டரில் நிற்கும்போது பின்னால் நிற்பவர் தோள் மேல் எட்டிப்பார்க்கிறார். கை காட்டி நிறுத்திய டாக்ஸியில் வேறு யாரோ ஏறிக்கொள்கிறார்கள். டிரைவர் கண்ணாடியை இறக்கி, அடிவயிற்றிலிருந்து காறி, சாலையில் துப்புகிறார். ஹோட்டலில் பக்கத்து மேசைக்காரர் எலும்பை மேசை விரிப்பின் மேலேயே துப்பி வைக்கிறார், கையில் சிகரெட் வேறு. லிஃப்டில் கூட வந்த அம்மா முன்பின் தெரியாத இவரிடம் "சம்பளம் எவ்வளவு? ஏன் இன்னும் கல்யாணம் ஆகலை?" என்று விசாரிக்கிறார்.

இந்த மெயிலை எழுதுகிற ஆள் ஒருவர் இல்லை. கெய்ரோவில் இருக்கிறார், பாங்காக்கில் இருக்கிறார், மும்பையில் இருக்கிறார். ஊர் பெயரை மாற்றினால் போதும், மீதி எல்லாம் அதே மெயில்தான் :-)

அவர் சொல்வது பொய்யா? இல்லை. நடந்ததைத்தான் எழுதுகிறார். எரிச்சலும் நியாயமான எரிச்சல்தான். இடிபட்ட தோள்பட்டைக்கு இடித்தவர் எந்த நாட்டுக்காரர் என்றெல்லாம் தெரியாது, வலிக்கத்தான் செய்யும். வில்லங்கம் அந்த மெயிலின் கடைசி வரியில் இருக்கிறது. "என்ன செய்ய, இவங்க ஜனமே இப்படித்தான்."

அந்த ஒரு வரிக்குத்தான் ஆப்பு வைக்க வேண்டியிருக்கிறது.

இந்த மெயிலின் கொள்ளுப்பாட்டியை முதலில் பார்த்துவிடலாம். ஃபிரான்செஸ் டிரோலோப் என்று ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. 1827 கடைசியில் அமெரிக்காவில் போய் இறங்கினார். சின்சினாட்டி நகரத்தில் இரண்டு வருஷம் குடியிருந்தார். ஒரு பெரிய பஜார் கட்டி வியாபாரம் செய்து பார்த்தார், படுநஷ்டம். ஊர் திரும்பி 1832-ல் 'அமெரிக்கர்களின் வீட்டுப் பழக்கவழக்கங்கள்' என்ற பொருளில் ஒரு புத்தகம் போட்டார். பஜாரில் விட்டதைப் புத்தகத்தில் பிடித்தார் என்றே சொல்லலாம். இங்கிலாந்தில் அப்படி ஒரு விற்பனை!

புத்தகத்தில் என்ன இருந்தது? அமெரிக்கர்கள் எங்கே பார்த்தாலும் துப்புகிறார்கள். தியேட்டரில் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் காலைத் தூக்கி முன்னால் போடுகிறார்கள். சாப்பாட்டு மேசையில் பேச்சே கிடையாது, அள்ளி அள்ளி விழுங்கிவிட்டு எழுந்து போகிறார்கள். முன்பின் தெரியாதவர்கள் சொந்த விஷயத்தைத் துருவித் துருவிக் கேட்கிறார்கள். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? ஷாங்காய் மெயில் அப்படியே இருக்கிறது, குற்றவாளிக் கூண்டில் மட்டும் ஆள் மாறியிருக்கிறார்.

பத்து வருஷம் கழித்து, 1842-ல், சார்லஸ் டிக்கன்ஸ் போனார். அவர் கண்ணில் தலைநகர் வாஷிங்டனே புகையிலை எச்சிலின் தலைமையகமாகத் தெரிந்தது. செனட் சபையின் அழகான கம்பளங்களைப் பார்த்து நொந்துபோனார். ஒவ்வொரு உறுப்பினருக்கும் படிக்கம் வைத்திருந்தும் பாதிப் பேருக்குக் குறி தப்புகிறதாம். கீழே பர்ஸ் விழுந்தால்கூட கையுறை இல்லாமல் எடுக்காதீர்கள் என்று புதிதாக வருபவர்களுக்கு அறிவுரை வேறு. (படிக்கம் தெரியும்தானே? வெற்றிலை போடுகிற தாத்தாக்கள் பக்கத்திலேயே வைத்திருப்பார்களே, எச்சில் துப்புகிற பித்தளைப் பாத்திரம்.)

ஆக, 1840-களில் ஓர் ஆங்கிலேயர் எழுதியதை நம்பி, "துப்புவது அமெரிக்க ரத்தத்தில் ஊறியது" என்று ஒருவர் தீர்ப்பு எழுதியிருந்தால் அந்தத் தீர்ப்பின் கதி இன்று என்ன? அதே அமெரிக்கரின் பேரப்பிள்ளையின் பேரப்பிள்ளை ஷாங்காயில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கிறார். ரத்தம் மாறிவிட்டதா? இல்லை. ஏற்பாடு மாறியது.

எப்படி மாறியது என்பதுதான் சுவாரசியமான பகுதி. 1882-ல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். காய்ந்த சளித் தூசியிலிருந்துதான் நோய் பரவுகிறது என்று அன்றைய மருத்துவர்கள் பயந்தார்கள். இருமும்போது காற்றில் பரவுவதுதான் முக்கிய வழி என்று தெளிவானது பிறகுதான். ஆனால் அந்தப் பயம் வேலை செய்தது. 1896-ல் நியூயார்க் நகரம் பொது இடத்தில் துப்பத் தடை போட்டது. அடுத்தடுத்து மற்ற ஊர்களும் போட்டன. டிராம் வண்டியில் அறிவிப்புப் பலகை, கோர்ட்டில் அபராதம், பள்ளிக்கூடத்தில் பாடம் என்று வளர்ந்தது. 1918 இன்ஃபுளுயன்சா வந்தபோது இன்னும் கெடுபிடி. புகையிலையை மெல்லுகிறவர்கள் குறைந்து சிகரெட் பிடிக்கிறவர்கள் பெருகினார்கள். சிகரெட்டுக்கு எச்சில் துப்ப வேண்டியதில்லை. பல பத்தாண்டுகள் கழித்து ஓர் அமெரிக்கக் குழந்தை, துப்புவது அசிங்கம் என்பதைத் தாய்ப்பாலோடு குடித்த மாதிரி நினைத்துக்கொண்டது. அது தாய்ப்பாலில் இல்லை, முனிசிபாலிட்டி நோட்டீஸில் இருந்தது.

பிரிட்டிஷ்காரர்களும் க்யூவும் என்றால் நகமும் சதையும் என்று உலகமே நம்புகிறது. அந்தப் புகழ் எப்போது கெட்டிப்பட்டது? இரண்டாம் உலகப் போரில். 1940-ல் ரேஷன் வந்தது. 1954 வரை ஓடியது. கறிக்கும் வெண்ணெய்க்கும் கால் கடுக்க நின்ற காலம் அது. வரிசையில் நிற்பது தேசபக்தி என்று அரசாங்கமே சொல்லிக்கொடுத்தது. நின்றவர்கள் எல்லாரும் புத்தர்களாக நிற்கவில்லை, சண்டை சச்சரவும் இருந்தது. 1946-ல் ஆங்கிலேயரின் க்யூ மோகத்தைக் கிண்டலடித்து ஊரைச் சிரிக்க வைத்தவர் ஜார்ஜ் மைக்ஸ். அவர் யார்? ஹங்கேரியிலிருந்து வந்து லண்டனில் தங்கிவிட்டவர். ஆங்கிலேயருக்கே அவர்கள் குணத்தைச் சொல்லித்தர ஒரு வெளிநாட்டுக்காரர் வேண்டியிருந்தது. மெயில் எழுதுகிறவர்கள் எல்லாருமே மோசம் இல்லை என்பதற்கும் அவர் சாட்சி. தன்னையும் சேர்த்துச் சிரித்தவர் அவர்.

இங்கே ஒரு கேள்வி எழும். பிரிட்டனிலும் ரேஷன், சீனாவிலும் ரேஷன். ஒரு இடத்தில் க்யூ வந்தது, இன்னொரு இடத்தில் முண்டியடிப்பு வந்தது. அப்படியென்றால் வித்தியாசம் ரத்தத்தில்தானே?

அவசரப்பட வேண்டாம், கணக்கைப் பார்க்கலாம். பிரிட்டனில் ரேஷன் 14 வருஷம். சீனாவில் தானியக் கூப்பன் 1955-ல் வந்து 1993-ல்தான் முழுசாக ஒழிந்தது. கிட்டத்தட்ட நாற்பது வருஷம். பிரிட்டனில் கார்டில் எழுதிய பங்கு பெரும்பாலும் கடைசியில் நிற்பவருக்கும் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தது. சீனாவிலோ, 1959-லிருந்து 1961 வரை கோடிக்கணக்கில் உயிரைக் கொண்டுபோன பஞ்சத்தைப் பார்த்த தலைமுறை. பின்னால் நின்றால் கிடைக்காது என்பது அவர்களுக்கு வெறும் பயம் இல்லை, அனுபவம். 2000-களில் மெட்ரோவில் முழங்கையால் இடித்த பாட்டிக்கு அறுபது எழுபது வயது இருக்கும். அவர் எந்தக் காலத்தில் வளர்ந்தார் என்று கழித்துப் பாருங்கள்.

இன்னொரு எண். 1978-ல் சீனாவில் நூற்றுக்கு 18 பேர்தான் நகரத்தில் இருந்தார்கள். 2011-ல் பாதியைத் தாண்டியது. 2020 கணக்கெடுப்பில் கிட்டத்தட்ட 64. ஷாங்காயில் முதல் மெட்ரோ ஓடியதே 1993-ல். இன்று 800 கிலோமீட்டருக்கு மேல். நூறு வருஷத்துக்கு மேலாக மெல்ல மெல்ல மெட்ரோவில் ஏறக் கற்றுக்கொண்ட லண்டன்காரரையும், நேற்றுவரை வயலில் நின்று இன்று எஸ்கலேட்டரில் நிற்கிறவரையும் ஒரே பரீட்சை எழுதவைத்து மார்க் போடுவது எந்த ஊர் நியாயம்?

இதைச் சீனர்களே யோசிக்கவில்லையா? நன்றாகவே யோசித்தார்கள். ஃபெய் சியாவ்தோங் என்ற சமூகவியல் அறிஞர் 1940-களின் கடைசியில் எழுதியது இன்றும் உதவும். குளத்தில் கல்லைப் போட்டால் வட்டம் வட்டமாக அலை பரவும் இல்லையா, சீனக் கிராமத்து மனிதரின் உறவுகள் அப்படித்தான் என்றார் அவர். நடுவில் தான், அடுத்த வட்டத்தில் குடும்பம், அதற்கடுத்து சொந்தக்காரர்கள், ஊர்க்காரர்கள். உள்வட்டத்துக்கு மரியாதை கொட்டிக் கிடக்கும். வெளிவட்டம் போகப் போக அது தேய்ந்துவிடும். முகம் தெரியாதவரிடம் எப்படி நடந்துகொள்வது என்ற பழக்கம் கிராமத்துக்குத் தேவைப்படவே இல்லை. அங்கே முகம் தெரியாதவரே இல்லையே!

அமெரிக்க மேனேஜர் இதைக் கவனித்திருக்கலாம். மெட்ரோவில் அவரை இடித்துத் தள்ளிய அதே மனிதர், விருந்துக்குக் கூப்பிட்டால் எதிரில் இருப்பவரின் டீ கோப்பையை முதலில் நிரப்பிவிட்டுத்தான் தன் கோப்பையைத் தொடுவார். பில்லை யார் கட்டுவது என்று கவுண்டரில் கைகலப்பே நடக்கும். அந்தச் சபையில் தன் கோப்பையை மட்டும் நிரப்பிக்கொண்டு, "நாம அவங்கவங்க பங்கைக் கட்டிடலாமே" என்று சொல்கிற வெளிநாட்டவர்தான் மேனர்ஸ் இல்லாதவர். மூக்கைக் கர்ச்சீப்பில் சிந்தி, அதை மடித்துப் பத்திரமாகப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்கிற வெள்ளைக்காரரைப் பார்த்து முகம் சுளித்த சீனர்கள் எத்தனையோ பேர். அந்த மெயில்கள் ஆங்கிலத்தில் இல்லாததால் உலகத்துக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இதுவரை படித்துவிட்டு, "ஆமாம்! அது அவங்க கலாச்சாரம், நாம யாரு குறை சொல்ல?" என்று கிளம்புகிற இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கும் ஒரு வார்த்தை.

கலாச்சாரம் என்று சொல்லித் துப்புவதை நியாயப்படுத்துவது, மேனேஜரின் கடைசி வரியை அப்படியே சிரித்த முகத்தோடு சொல்வது. "இவங்க ஜனமே இப்படித்தான்" என்று அவர் திட்டுகிறார். "எங்க ஜனமே இப்படித்தான்" என்று இவர் பெருமைப்படுகிறார். இரண்டு பேரும் சொல்வது ஒன்றுதான், இந்த மனிதர்கள் மாறமாட்டார்கள் என்று. இதைவிட அந்த மக்களை அவமதிக்க முடியாது.

துப்புவதைச் சீனாவில் எதிர்த்த முதல் ஆள் வெளிநாட்டவர் இல்லை. 1924-ல் சுன் யாட்-சென் தன் சொற்பொழிவுகளில் இதைச் சொல்லியே தன் மக்களைக் கடிந்துகொண்டார். 1934-ல் சியாங் கை-ஷேக் தொடங்கிய 'புது வாழ்வு இயக்கம்' துப்பாதே, சட்டைப் பட்டனைப் போடு, வரிசையில் நில் என்று ஊர் ஊராக முழங்கியது. இந்தப் பக்கம் டெங் சியாவ்பிங், 1982-ல் மார்கரெட் தாட்சரோடு ஹாங்காங் பற்றிப் பேச உட்கார்ந்தபோதும் காலடியில் படிக்கம் வைத்திருந்தார். எது சீனக் கலாச்சாரம்? சுன் யாட்-சென்னுடையதா, டெங்குடையதா? இரண்டு பேருமே சீனர்கள்தான்.

நம்ம ஊர் உதாரணமும் ஒன்று உண்டு. 1927-ல் காதரின் மேயோ என்ற அமெரிக்கப் பெண் இந்தியாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு 'மதர் இந்தியா' என்று ஒரு புத்தகம் போட்டார். இந்தியர்கள் சுத்தம் தெரியாதவர்கள், சுயராஜ்யத்துக்கு லாயக்கில்லாதவர்கள் என்பது அதன் சாரம். காந்தி அதைச் சாக்கடை இன்ஸ்பெக்டரின் அறிக்கை என்று விளாசினார். ஆனால் இந்தியர்கள் அதைப் படித்தால் பயன் உண்டு என்றும் சேர்த்துச் சொன்னார். சொல்ல அவருக்கு அருகதை இருந்தது. மேயோ வருவதற்குப் பத்து வருஷம் முன்பே, 1916 பிப்ரவரியில், காசி இந்துப் பல்கலைக்கழக விழா மேடையில் மகாராஜாக்களை முன்னால் வைத்துக்கொண்டு, கோவில் சந்தின் அழுக்கையும் ரயில் பெட்டித் தரையில் துப்புவதையும் போட்டு உடைத்தவர் அவர். ஒரே சாக்கடையைத்தான் இரண்டு பேரும் பார்த்தார்கள். மேயோ அதை வைத்து இவர்களுக்கு உரிமை கொடுக்காதே என்றார். காந்தி, இதை நாம்தான் சுத்தம் செய்யணும் என்றார். குறை சொல்வதில் தப்பில்லை, அந்தக் குறையை எந்தக் கணக்கில் வரவு வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. வெளிநாட்டவரின் புகார்ப் பட்டியலை எடுத்து நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரித்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஒரு பக்கம், அடுத்தவருக்கு நஷ்டம் உண்டாக்குவது. இன்னொரு பக்கம், பார்க்கிறவர் கண்ணுக்கு மட்டும் உறுத்துவது.

க்யூவில் குறுக்கே புகுவது முதல் பக்கம். பின்னால் நிற்கிற பத்து பேரின் நேரத்தைத் திருடுவது அது. மூடிய அறையில் புகைப்பதும் அந்தப் பக்கம்தான், பக்கத்து மேசைக் குழந்தையின் நுரையீரல் விஷயம். நடைபாதையில் துப்புவதும் அங்கேதான். மேனேஜர் அதைத் தாண்டிக் குதித்துப் போய்விடலாம். விடியற்காலையில் குனிந்து அதைக் கழுவுகிற துப்புரவுத் தொழிலாளி தாண்ட முடியாது. துப்புவது கலாச்சாரம் என்று சொல்கிறவர்கள் அந்தத் தொழிலாளியிடம் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

நூடுல்ஸைச் சத்தமாக உறிஞ்சுவது, ஹோட்டலில் உரக்கப் பேசுவது, சம்பளத்தை விசாரிப்பது, எலும்பை மேசையில் வைப்பது எல்லாம் இரண்டாம் பக்கம். யாருக்கு என்ன நஷ்டம்? சம்பளம் கேட்ட அம்மா ஒருவேளை உள்வட்டத்துக்குள் இவரை இழுக்கத்தான் பார்த்தார்.

இந்தக் கோடு போடாததால் அரசாங்கங்களே வழுக்கி விழுந்திருக்கின்றன. 2010-ல் ஷாங்காயில் உலகக் கண்காட்சி. ஏழு கோடிக்கு மேல் பார்வையாளர்கள். அதற்கு முன்னால் நகர நிர்வாகம் ஒரு பிரசாரம் தொடங்கியது. என்ன தெரியுமா? பைஜாமா போட்டுக்கொண்டு வீதிக்கு வராதே! ஷாங்காயின் பழைய சந்து வீடுகளில் ஒண்டுக்குடித்தனம். சமையலறை பொது, கக்கூஸ் பொது, வீட்டின் பாதி சந்தில்தான். அங்கே பைஜாமாவோடு மூலைக்கடைக்குப் போவது தன் வீட்டு வராந்தாவில் நடப்பது மாதிரி. 80, 90-களில் ராத்திரிக்கென்று தனி உடுப்பு வைத்திருப்பதே கொஞ்சம் வசதிக்கு அடையாளம். அந்தப் பாட்டிகளை, வெளிநாட்டு விருந்தாளி முகம் சுளிப்பார் என்பதற்காகத் தெருமுனையில் தன்னார்வலர்களை விட்டு வெட்கப்பட வைத்தார்கள். ஒருத்தர் பாக்கெட்டிலிருந்தும் அந்தப் பைஜாமா ஒரு காசு எடுக்கவில்லை. அந்தப் பிரசாரத்தைப் பார்க்கும்போது மேனேஜரின் மெயிலை நகர நிர்வாகமும் படித்துவிட்டதோ என்று தோன்றுகிறது.

ஒழுங்காகக் கோடு போட்ட இடங்களில் வேலை நடந்திருக்கிறது. 2007 பிப்ரவரியிலிருந்து பெய்ஜிங்கில் ஒவ்வொரு மாதமும் 11-ம் தேதி 'வரிசை நாள்'. ஏன் 11? ஒருவர் பின் ஒருவர் நிற்கிற மாதிரி இரண்டு ஒன்று :-) ஒலிம்பிக்ஸுக்கு முன்னால் துப்புகிறவர்களுக்குக் காகிதப் பையும் கொடுத்தார்கள், 50 யுவான் வரை அபராதமும் போட்டார்கள். பிரசாரத்தைவிடப் பெரிய வேலையைச் செய்தது டிக்கெட் முறை. வசந்த விழாவுக்கு ஊருக்குப் போக ராத்திரி முழுக்க ஸ்டேஷனில் நின்ற ஜனம் அது. 2011-ல் ரயில் டிக்கெட் இணையத்தில் விற்பனைக்கு வந்தது. 2012 முதல் எல்லா ரயிலிலும் பெயர் போட்ட டிக்கெட். பெயரும் சீட்டும் உறுதியானால் முழங்கைக்கு என்ன வேலை? ஹாங்சோ நகரத்தில் 2016-ல் ஒரு விதி வந்தது, ஜீப்ரா கோட்டில் ஆள் நடந்தால் வண்டி நிற்கணும். நின்றார்கள். சீன டிரைவர் நிற்கவே மாட்டார் என்று பல வருஷம் எழுதியவர்கள் அங்கே போய்ப் பார்க்கலாம். ஹாங்காங்கில் 2003 சார்ஸ் காய்ச்சலின்போது துப்பும் அபராதத்தை 600 டாலரிலிருந்து 1500 ஆக்கினார்கள். 2023-ல் அது 3000 ஆனது.

மேற்கே இந்த வியாதி முற்றிலும் குணமாகிவிட்டது என்றும் யாரும் நினைக்க வேண்டாம். 2013-ல் லண்டனின் என்ஃபீல்ட் பகுதி, வீதியில் துப்பத் தடை விதி கொண்டுவர வேண்டியிருந்தது. பெய்ஜிங்கில் இல்லை, லண்டனில்!

இவ்வளவு ஆவேசம் எதற்கு, ஏதோ ஒரு மனுஷர் எரிச்சலில் ஒரு வரி எழுதிவிட்டுப் போகிறார், விட்டுத் தொலையக் கூடாதா என்று கேட்கலாம். விடலாம்தான், அந்த வரி மெயிலோடு நின்றுவிட்டால். அது நிற்பதில்லை.

1900 மார்ச். சான் ஃபிரான்சிஸ்கோவின் சைனாடவுனில் பிளேக் என்று சந்தேகம். சீனர்கள் அழுக்கானவர்கள் என்ற பேச்சு அங்கே பல வருஷமாக ஊறிக்கிடந்தது. சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரவே தடை போட்ட சட்டமும் 1882-லேயே வந்துவிட்டது. ஆகவே என்ன செய்தார்கள்? சைனாடவுனைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். அடுத்து மே மாதக் கடைசியில் இரண்டாம் தடவை கட்டியபோது கோடு நேராகக்கூடப் போகவில்லை, வெள்ளைக்காரர் கடை வந்தால் வளைந்து போனது. கிருமிக்கும் தோல் நிறம் தெரியும் போலிருக்கிறது! ஜூனில் கோர்ட் இது பாரபட்சம் என்று சொல்லி அந்தக் கயிற்றை அறுத்தது. அதுவரை உள்ளே இருந்தவர்களுக்கு வேலை இல்லை, வியாபாரம் இல்லை.

2020. கோவிட். நூற்றிருபது வருஷம் கழித்து அதே பேச்சு, அதே முகங்களை நோக்கி. அமெரிக்காவில் வீதியில் நடந்த ஆசிய முகக்காரர்களை, அதில் சீனரும் உண்டு, கொரியரும் உண்டு, பிலிப்பினோவும் உண்டு, திட்டினார்கள், தள்ளினார்கள், அடித்தார்கள். முகத்தில் துப்பினார்கள். ஆமாம், துப்பினார்கள். துப்புகிற ஜனம் என்று எந்த ஜனத்தைச் சொன்னார்களோ அந்த ஜனத்தின் மேல், துப்பாத நாகரிகம் தங்களுக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்தவர்கள் துப்பினார்கள். 2021 மே மாதம் அமெரிக்கா இதற்கென்றே ஒரு வெறுப்புக் குற்றச் சட்டம் போட வேண்டி வந்தது. "இவங்க ஜனமே இப்படித்தான்" என்ற வரி எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட சாட்சி தேவையில்லை.

அப்படியானால் வெளிநாட்டில் இடிபட்டுக்கொண்டிருப்பவர் வாயை மூடிக்கொண்டிருக்கணுமா? கூடவே கூடாது. க்யூவில் புகுந்தவரைப் பார்த்து "சார், பின்னால வாங்க" என்று சொல்ல எந்த நாட்டுக்காரருக்கும் உரிமை உண்டு. பின்னால் நிற்கிற பத்து உள்ளூர்க்காரர்களும் மனசுக்குள் நன்றி சொல்வார்கள். அவர்களும்தானே தினமும் ஏமாறுகிறார்கள்? புகுந்தவர் ஒருவர், ஏமாந்தவர்கள் பத்து பேர். பதினொரு பேருமே சீனர்கள். மெயிலில் மட்டும் அந்த ஒருவர் சீனா ஆகிவிடுகிறார், பத்து பேர் காணாமல் போய்விடுகிறார்கள். இதுதான் கணக்கில் நடக்கிற மோசடி.

டிரோலோப் அம்மையார் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. அவர் புத்தகத்தின் மேல் அமெரிக்கர்களுக்குப் பொல்லாத கோபம். திட்டினார்கள், கார்ட்டூன் போட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு தியேட்டரில் எவராவது காலைத் தூக்கிப் போட்டால், கூட்டத்திலிருந்து "டிரோலோப்! டிரோலோப்!" என்று குரல் எழும்பும் என்று சொல்வார்கள். கால் கீழே இறங்கிவிடுமாம். கத்தியவர்களும் அமெரிக்கர்கள், காலை இறக்கியவரும் அமெரிக்கர்.

வாஷிங்டனில், டிக்கன்ஸ் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்த அதே ஊரில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் இருக்கிறது. அங்கே நீதிபதிகளின் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்றும் ஆளுக்கொரு படிக்கம் உண்டு. யாரும் அதில் துப்புவதில்லை. கிழித்த காகிதத்தைப் போடுகிற குப்பைக்கூடை அது இப்போது. ஷாங்காய் மேனேஜர் அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது அதை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்து அந்த மெயிலை எழுதட்டும்.